ரூபியை மீட்டு

ரூபி ஜாய்ஸின் இரண்டாவது ஆல்பத்தை முதல் தடவை கேட்டு முடித்ததும் மிருதுளா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மெத்தைமேல் எறிந்தாள்.

"ஏமாத்திட்டா," என்றாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, வெளியே ஊரே காத்திருந்தது. 'விக்குக் கூட்டம்' என்று அவள் நடத்திவந்த ரசிகர் பக்கத்தில் லட்சக்கணக்கான பேர். ஆல்பம் வெளியாகி அரை நாளாகியும் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. மிருது அக்கா முதலில் சொல்லட்டும், அப்புறம் நாம் என்ன நினைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர்களின் கருத்து என்பது அப்படித்தான் உருவாகிறது. யாரோ ஒருத்தர் முதலில் தும்ம வேண்டும்.

விக்கு என்றால் என்ன என்று கேட்பவர்கள் 'தாழ்ப்பாள்' கேட்டிருக்க மாட்டார்கள். ரூபியின் முதல் ஆல்பம் அது. அதில் கடைசிப் பாட்டின் கடைசி வரி, "தாழ்ப்பாள் போடல, நீ வா." அந்த 'வா'வுக்கு முன்னால் ரூபியின் குரல் ஒரு கணம் தடுக்கும். மூச்சு உள்ளே மாட்டிக்கொண்டு 'ஹ்க்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அந்த அரைச் சத்தத்துக்கு ரசிகர்கள் உயிரை விட்டார்கள். ஃபோன் மணியாக வைத்துக்கொண்டார்கள். அதன் அலைக்கோட்டை மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டார்கள். அதற்கு விக்கு என்று பெயர் வைத்தவள் மிருதுளாதான்.

ரூபியின் நாலு வயது மகள் செரின் மூளைக்காய்ச்சலில் இறந்துபோய், சில வாரங்களில் 'தாழ்ப்பாள்' வெளியானது. விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? மிருதுளா தன் பக்கத்தில் எழுதினாள்: "மேல இருக்கிற பாப்பா அம்மாவை நினைச்சிருக்கு. அதான் பாடும்போது விக்கிடுச்சு." தமிழ் பேசுகிற தேசமெல்லாம் அந்த ஒரு வரி சுற்றி வந்தது. படித்தவர்கள் அழுதார்கள், அழுதுவிட்டு இன்னொரு தடவை பாட்டைப் போட்டார்கள். உண்மையா என்று ரூபியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத அளவுக்கு அது அழகாக இருந்தது.

மிருதுளாவுக்கு அது வெறும் அழகும் இல்லை. அவள் அம்மா செத்த அன்றைக்கு அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் நெஞ்சில் கல்லை வைத்தது மாதிரி திரிந்துவிட்டு, ஒருநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்த விக்கைக் கேட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில், ஓவென்று அழுதாள். ஒரு அம்மா அவளுக்கு இடம்விட்டு எழுந்துகொண்டாள். அன்றிலிருந்து ரூபி அவளுக்குச் சாமி.

அப்பேர்ப்பட்ட சாமி இப்போது 'மொட்டை மாடி' என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறாள். தண்ணித் தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றி ஒரு பாட்டு. பக்கத்து வீட்டுக்காரன் துணி காயப்போடுகிற அழகைப் பற்றி ஒரு பாட்டு. மழையில் நனைந்த பஜ்ஜிப் பொட்டலத்துக்கு ஒரு பாட்டு, அதுவும் கைதட்டலோடு! குரல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஓரிடத்தில்கூட விக்கு இல்லை.

"இதில் ரூபி இல்லை. அஞ்சுக்கு ஒரு ஸ்டார்," என்று மிருதுளா போட்டாள்.

போட்டதுதான் தாமதம். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு", "பிளாஸ்டிக் பூ", "பஜ்ஜிக்கா நான் வரிசைல நின்னேன்?" என்று கொட்டின. "எனக்குப் பிடிச்சிருக்குப்பா, ஆபீஸ் விட்டு வரும்போது ஜாலியா இருக்கு" என்று எழுதிய ஒரு பாவத்தை நார் நாராகக் கிழித்தார்கள். அது மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிப்போனது.

விஷயம் அதோடு நின்றிருக்கும். மிருதுளா அந்தப் பேட்டியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

வடபழனியில் ஒரு செல்ஃபோன் கடைக்கு மேலே இருந்த தணிப்பு மையத்தில் மிருதுளா வேலை பார்த்தாள். ஞாபகத்தை விட்டுவிட்டு அதன் வலியை மட்டும் எடுத்துவிடுகிற இடம்; பல் டாக்டர் மாதிரி தெருவுக்கு ஒன்று வந்துவிட்ட காலம் அது. மதியம் ஆள் இல்லாத நேரத்தில் அவளும் நர்ஸ் சுகந்தி அக்காவும் டிவியில் ரூபியின் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு செரினைப் பற்றி எடுத்தார்.

"ஆமா, பாப்பா போயிட்டா," என்றாள் ரூபி. "சரியான சேட்டை. ஒரு இடத்துல உக்கார மாட்டா." சொல்லிக்கொண்டே டீயை எடுத்தாள், ஊதினாள், ஒரு மடக்குக் குடித்தாள், தொடர்ந்து பேசினாள்.

மிருதுளா சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தியும் அவளைப் பார்த்தாள்.

"அக்கா, டீ."

"பாத்தேன்டி."

அந்த மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தணிப்பு முடிந்து எழுந்து வருபவர் கையில் ஒரு டீயும் பன்னும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, எந்தத் துக்கத்துக்காக வந்தாரோ அதைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லும்போது கை நடுவில் நின்றால் வேலை முடியவில்லை, திரும்பப் படுக்கவைக்க வேண்டும். நிற்காமல் டீயை முழுசாகக் குடித்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். எத்தனையோ லட்சத்துக்கு மிஷின் வாங்கியிருந்தாலும் சுகந்தி நம்புவது அந்த டீயைத்தான்.

"அப்ப ரூபி தணிச்சிக்கிட்டா," என்றாள் மிருதுளா. அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "பெத்த பொண்ணு செத்ததை!"

"பண்ணிக்கட்டுமே, உனக்கென்ன? ஞாபகம் எங்கயும் போகலையே. வலிதானே போகுது? இங்க வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க?"

"அவங்க பாட்டுப் பாடலையேக்கா. இவ அந்த வலியைத்தானே எங்களுக்குக் கொடுத்தா? கொடுத்துட்டு இப்ப பிடுங்கிக்கிட்டா எப்படி?"

"நல்லா இருக்குடி கதை," என்று சுகந்தி சிரித்தாள்.

"எடுத்த வலியை ஆஸ்பத்திரில வெச்சிருப்பாங்கல்ல? மீட்டுக்கலாம்ல?"

சுகந்தி சிரிப்பை நிறுத்தினாள். "சட்டப்படி வெச்சிருக்கணும். மீட்கவும் முடியும். கோர்ட்ல சாட்சி சொல்றதுக்காக ரெண்டு மூணு பேர் பண்ணியிருக்காங்க. ஆனா மீட்டதை மறுபடி தணிக்க முடியாது, தெரியும்ல? பிரிச்ச தையல்ல மறுபடி தைக்கத் துணி இருக்காது. அதோடதான் கடைசிவரைக்கும் கிடக்கணும். நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வைக்காத."

மிருதுளா எழுதி வைத்தாள். பேட்டியில் ரூபி டீ குடிக்கிற அந்தத் துண்டை மட்டும் வெட்டி, மேலே பெரிய எழுத்தில் ஒரே வரி: "ரூபியை மீட்டு."

அந்த வார்த்தை கைகொடுத்தது. வீணை வாசிப்பதும் மீட்டுவதுதான், பறிகொடுத்ததைத் திரும்ப வாங்குவதும் மீட்பதுதான் அல்லவா? சட்டையில் அச்சடித்தார்கள். ஆட்டோவின் முதுகில் ஒட்டினார்கள். பிறகு யாரோ ஒரு மகானுபாவன் ரூபியின் வீட்டு வாசலில் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பைக் கொண்டுபோய் வைத்தான். மறுநாள் பத்து ஜோடி. அடுத்த வாரம் கேட்டைத் திறக்க முடியாத அளவுக்குச் சின்னச் சின்னச் செருப்புகள், பூப்போட்டது, நடந்தால் கீச்சென்று கத்துவது, விளக்கு எரிவது. ரூபி சிரித்த முகத்தோடு வெளியே வந்து, அவற்றைக் கூடையில் அள்ளி அனாதை ஆசிரமத்துக்கு அனுப்பினாள். போச்சு! "பாரு, சிரிக்கிறா. இவளெல்லாம் தாயா?" என்று அந்தப் படத்தையும் போட்டுக் காறித் துப்பினார்கள். மிருதுளா செருப்பு வைக்கச் சொல்லவில்லைதான். வைக்காதே என்றும் சொல்லவில்லை.

ரூபியின் கம்பெனிக்கு இது அல்வா மாதிரி. 'மொட்டை மாடி'யை வாபஸ் வாங்கிவிட்டு, ரசிகர்களிடம் வாக்கெடுப்பு வைத்தது. மீட்கலாமா, வேண்டாமா? பெரும்பாலோர் மீட்கலாம் என்று ஒரே அமுக்காக அமுக்கினார்கள். மீட்டபிறகு அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி வெளியிடுவதாக அறிவிப்பு வந்தது. ரூபியும் சரி என்றுவிட்டாள்.

கம்பெனியிலிருந்து நரேஷ் என்பவன் மிருதுளாவைத் தேடி வந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவன்.

"ரசிகர்கள் சார்பா நீங்கதான் வரணும் மேடம். நேரலை போடறோம். அப்புறம் ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. தணிச்சவங்க மட்டும் சம்மதிச்சா சட்டம் ஒத்துக்காது. அவங்களுக்குப் பயம் இருக்காதில்ல? அதனால இன்னொருத்தர் சாட்சி நிக்கணும். ஒண்ணு ரத்த சம்பந்தம், இல்ல தணிப்பு மையத்துல வேலை செய்றவங்க. அவங்க அண்ணன் செல்வின், சவுண்ட் இன்ஜினியர், முடியவே முடியாதுன்னுட்டார். நீங்க பெருவிரல் வெச்சாப் போதும்."

மிருதுளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரூபியின் சாட்சி! ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு அம்மாவின் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி. கண்ணாடி அறைக்கு வெளியே கேமரா தயாராக இருந்தது, நேரலை இன்னும் தொடங்கவில்லை. உள்ளே கட்டிலில் ரூபி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரில் பார்த்தால் ரொம்பச் சின்ன உருவம். மிருதுளாவைப் பார்த்ததும் பழகியவள் மாதிரிக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீதான் மிருதுளாவா? உன்னைக் கோவக்காரின்னு நெனச்சேன். பச்சப்புள்ள மாதிரி இருக்க."

"உங்களுக்கு... பயமா இல்லையா மேடம்?"

"அதான் எனக்கே ஆச்சரியம். எவ்வளவு வலிச்சதுன்னு தெரிஞ்சாத்தானம்மா பயப்பட முடியும்? வலிச்சதுன்னு தெரியுது, அவ்வளவுதான். பெத்தவ அழலைன்னு ஊரே ஏசுது. எனக்கு அது தப்பாத் தோணல. தோணாம இருக்கதே தப்புதானோ என்னமோ. செல்வின் அண்ணன்தான் கெடந்து குதிக்கான். தணிக்கதுக்கு முன்னால என்னைப் பாத்தவன் அவன். நான் எப்படி இருந்தேன்னு அவனுக்குத்தான் தெரியும்."

ரூபி அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பச்சை குத்திய அலைக்கோடு.

"இது என்னது?"

"உங்க விக்கு மேடம். 'தாழ்ப்பாள் போடல'ல வர்றது. எங்க அம்மா செத்தப்ப எனக்கு அழுகையே வரல. அதைக் கேட்டுத்தான் அழுதேன்." மிருதுளா அலைக்கோட்டின் உச்சியை விரலால் தொட்டுக் காட்டினாள். "அப்படி அழுகையை அடக்கிக்கிட்டுப் பாட உங்களால மட்டும்தான் முடியும்."

ரூபி கலகலவென்று சிரித்தாள்.

"ஐய, அது அழுகையா! பாப்பா மேசைக்கடியில ஒளிஞ்சு உக்காந்துகிட்டு என் உள்ளங்காலைச் சொறிஞ்சா. எனக்குக் கூச்சம்னா ஆகவே ஆகாது. சிரிப்பை அடக்கினேன், ஹ்க்குன்னு வந்துட்டு. இன்னொரு தடவை எடுக்கலாம்னான் அண்ணன். நல்லாத்தான இருக்கு, கெடக்கட்டும்னு விட்டுட்டோம்."

மிருதுளாவின் கை ரூபியின் கைக்குள் அப்படியே இருந்தது. "பாப்பா போனதுக்கு அப்புறம்தானே அதைப் பாடினீங்க?"

"இல்லயே. ஆல்பம் வந்ததுதான் அப்புறம். பாட்டெல்லாம் அவ இருக்கும்போதே பாடி முடிச்சாச்சு. அவ போனதுக்கப்புறம் என்னால வாயத் தொறந்து கஞ்சியே குடிக்க முடியலையாம், அண்ணன் சொல்லுவான். எங்க பாட?"

கதவு திறந்தது. "ரெடியா மேடம்?" என்று நரேஷ் பல்லைக் காட்டினான். பெருவிரல் வைக்கிற கண்ணாடித் தகட்டை மிருதுளாவின் முன்னால் நீட்டினான். வெளியே நேரலை தொடங்கிவிட்டது, திரையில் ரசிகர்கள் இதயங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'மிருது அக்கா வாழ்க' என்று ஓடிக்கொண்டிருந்தது.

தணித்தவர்கள் இப்படித்தான் எதையும் விளையாட்டாகச் சொல்வார்கள், இதையெல்லாம் கணக்கில் எடுக்கக்கூடாது என்று மிருதுளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். அவள் ரூபி சொன்னதை நம்பினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் விக்கு போய்விடும், விக்குக் கூட்டம் போய்விடும், மணிக்கட்டில் இருப்பது ஒரு குழந்தை அம்மாவின் காலைச் சொறிந்த கோடு என்றாகிவிடும். பஸ்ஸில் அவள் அழுத அழுகைக்கு அப்புறம் என்ன அர்த்தம்? லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் பட்டுப்புடவையில், அவள் பெருவிரலை வைத்தாள்.

"தேங்க்ஸ்மா," என்றாள் ரூபி.

மீட்பதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஊசிகூட இல்லை. தலையில் ஒரு வளையத்தை வைத்து எடுத்தார்கள். ரூபி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நர்ஸ் டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ரூபி வாங்கி, உதட்டுக்கருகில் கொண்டுபோனாள்.

"பாப்பா பேர் என்னம்மா?" என்றாள் நர்ஸ்.

கை நின்றது.

டீயை அவள் கீழே போடவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, சத்தம் வரக்கூடாது என்பது மாதிரி மெதுவாக, மிக மெதுவாக மேசைமேல் வைத்தாள். பிறகு கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அதன்பிறகு வந்த சத்தம் விக்கு மாதிரி இல்லை. பாட்டு மாதிரியும் இல்லை. கன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் மாடு கத்துமே, அப்படி இருந்தது. இரண்டு பேர் பிடித்தும் அவளைக் கட்டிலில் வைக்க முடியவில்லை.

திரையில் இதயங்கள் பொங்கி வழிந்தன. "வந்துட்டா! பழைய ரூபி வந்துட்டா!"

மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நரேஷ் அவள் காதருகே வந்து, "செமையா வந்திருக்கு மேடம்," என்றான்.

'மொட்டை மாடி' இரண்டாம் தடவை வெளியானது. அதே பாட்டுகள், அதே தண்ணித் தொட்டி, அதே பஜ்ஜி. ஒவ்வொரு வரியிலும் அழுகை. சில இடங்களில் சொல்லே கேட்கவில்லை. பஜ்ஜிப் பாட்டின் நடுவில் பாடுவதை விட்டுவிட்டு யாரிடமோ, "போதும், நான் வீட்டுக்குப் போறேன்," என்று அவள் கெஞ்சுகிறாள்; அதையும் கம்பெனி வெட்டாமல் விட்டிருந்தது. அசல் என்று காட்ட வேண்டுமே!

முதல் நாள் ஆகா ஓகோ என்றார்கள். இரண்டாவது நாள் ஒருத்தன், "கொஞ்சம் ஓவரோ?" என்று தும்மினான். அவ்வளவுதான். "இழவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு", "ஜிம்ல கேக்க முடியல", "அழுகாச்சி ரூபி" என்று வரிசைகட்டி வந்தன. "விக்கு எங்கே? 'தாழ்ப்பாள்'ல அளவா அழுதா. அதுதான் கலை. இது சும்மா கத்தல்," என்று ஒருத்தர் நீளமாக எழுதினார். எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். மிருது அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, மலேசியாவிலிருந்து வந்த ஒரு புதுப் பையனின் பாட்டைக் கேட்கப் போய்விட்டார்கள். அவனுக்கு லேசாக இருமல் வருமாம்.

ஒரு வெயில் நேரத்தில் தணிப்பு மையத்தின் படியேறி ஒரு ஆள் வந்தார். கறுத்துப்போய், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மிருதுளாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் செல்வின். ரூபியோட அண்ணன்."

மிருதுளா எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா. சண்டை போட வரல. பெரிய ஆஸ்பத்திரில முடியாதுன்னுட்டாங்க. எத்தனையோ இடம் போயாச்சு. எங்கயாவது சின்ன மையத்துல ஒளிச்சு மறைச்சுச் செய்வாங்களாம்லா? உனக்குத் தெரியும்னு சொன்னாங்க. இன்னொரு தடவை தணிச்சு விட்டுரும்மா. உன் காலுல விழுதேன்."

"அண்ணா, அது..." மிருதுளா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "மீட்டதை மறுபடி தணிக்க முடியாதுண்ணா. யாராலயும் முடியாது."

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள்.

செல்வின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேசைக்கடியில போய் உக்காந்துக்கிடுதா," என்றார். "ஸ்டூடியோல, பாப்பா ஒளியற அந்த மேசை. வெளிய வரமாட்டேங்கா. சாப்பாடு அங்கதான் தள்ளணும். நான் மேசைகிட்டப் போனா என் காலைச் சொறியுதா. சிரிங்க, சிரிங்கன்னு சொல்லுதா."

ஃபோனை எடுத்து ஒரு ஒலித்துண்டை அவளுக்கு அனுப்பினார். "அந்த விக்கு விக்குன்னு சொல்லுதீங்கள்ல, அதோட முழுப் பதிவு. இது வெளிய போகவே கூடாது. பாப்பா குரல் இதுல மட்டும்தான் இருக்கு. ரூபி காதுல இது விழுந்துச்சுன்னா உசுரு தாங்காது. உனக்கு எதுக்குத் தாரேன்னா, நீ ஒருத்தியாவது தெரிஞ்சுக்கிடணும். வெளிய விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"எங்கம்மா மேல சத்தியம்," என்றாள் மிருதுளா.

அவர் இறங்கிப் போனபின் அவள் அதைக் கேட்டாள். ரூபி பாடிக்கொண்டே வருகிறாள். தாழ்ப்பாள் போடல, நீ... ஹ்க்... வா. பாட்டு முடிந்ததும் ஆல்பத்தில் வெட்டிவிட்ட மிச்சம் வருகிறது. மேசைக்கடியிலிருந்து ஒரு கிக்கிக்கி. "யம்மா, கூச்சமா?" என்கிறது ஒரு கீச்சுக்குரல். "அடி கழுத!" என்று ரூபி வெடித்துச் சிரிக்கிறாள். நாற்காலி உருள்கிறது. "வா, வா, வெளிய வா," என்கிறாள். "மாட்டேன், நீ வா," என்கிறது குழந்தை.

மிருதுளாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கண்ணாடித் தகடும், அதில் தன் பெருவிரலும். மணிக்கட்டை முழுக்கை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டாள். பஸ்ஸில் யாராவது இருமினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அழுது பார்த்தாள், அழ அழ அது கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் டோக்கன் கொடுக்கும்போது கவுன்ட்டரிலேயே மயங்கிச் சரிந்தாள். சுகந்தி தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

"செத்துப்போயிடுவடி இப்படியே இருந்தா. ஊருக்கெல்லாம் தணிச்சு விடறோம், நமக்கு நாமே பண்ணிக்கக் கூடாதா? ஸ்டாஃபுக்கு உண்டு. வா, வந்து படு."

"வேண்டாம்க்கா. இது எனக்கு வேணும். நான் பண்ணினதுக்கு இது இருக்கணும்."

"இருந்து? நீ அழுதா அந்தப் பொண்ணு மேசைக்கடியிலேருந்து வந்துடுவாளா?"

வலியைத் தணித்துக்கொண்டவளை ஊரைக் கூட்டி ஏசியவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் படுத்தாள்.

எழுந்து வந்தபோது நல்ல பசி. சுகந்தி டீயும் பன்னும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? ரூபி தணிச்சிக்கிட்டதைக் கண்டுபிடிச்சேன். நான்தான் கிளப்பிவிட்டேன்." மிருதுளா பன்னைப் பிய்த்து டீயில் தொட்டாள். "விக்கு சிரிப்புன்னு அவங்க சொன்னாங்க. எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் பெருவிரலை வெச்சேன். இப்ப அவங்க மேசைக்கடியில உக்காந்திருக்காங்களாம், பாவம்." ஒரு மடக்குக் குடித்தாள். "அக்கா, பன் ஃப்ரெஷ்ஷா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

டீ காலியானது. சுகந்தி கோப்பையைச் சாய்த்து அடிவரை பார்த்தாள். "நீ வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

மிருதுளா ஃபோனை எடுத்தாள். விக்குக் கூட்டத்தில் ஈயாடியது. 'மிருது அக்கா செத்துட்டாங்களா?' என்றுகூட ஒருத்தன் கேட்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. செல்வின் அனுப்பிய ஒலித்துண்டு கண்ணில் பட்டது. போட்டுக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. சத்தியம் பண்ணியது ஞாபகம் இருந்தது. அம்மா ஞாபகமும் இருந்தது. எதற்கு அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் பிடிபடவில்லை.

"விக்கின் ஒரிஜினல்! பாப்பா சிரிக்கிறது செம க்யூட். அஞ்சு ஸ்டார்," என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

ஊர் திரும்பி வந்தது. ஃபோன் மணி அடித்தபடியே இருந்தது. "ஐயோ செல்லம்!", "இதை ரிங்டோனா வெச்சுட்டேன்", "ரூபி அக்கா இதைக் கேட்டாங்களா? யாராவது அனுப்புங்கப்பா", "நான் அனுப்பிட்டேன்!", "பாப்பா குரலை வெச்சு மூணாவது ஆல்பம் வேணும்." அதற்குள் யாரோ வாக்கெடுப்பும் ஆரம்பித்துவிட்டார்கள்.

மிருதுளா வேண்டும் என்பதை அமுக்கினாள். அமுக்கியபோது அவளுக்கு விக்கல் எடுத்தது. ஹ்க். இன்னொன்று. ஹ்க்.

"யாரோ உன்னை நினைக்கிறாங்கடி," என்றாள் சுகந்தி, தண்ணீர்ச் செம்பை நகர்த்தி.

"என்னை யாருக்கா நினைக்கப்போறா?" என்றாள் மிருதுளா. அண்ணாந்து ரெண்டு மடக்குக் குடித்தாள். விக்கல் நின்றுவிட்டது.